கேளுங்கள், சொல்கிறோம்: ரேம் போதாதபோது வழி தேடுவது எப்படி?

சென்ற இதழில், மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் ஏ-ஸ்டார் (A*) தேடலைப் பற்றி எழுதியிருந்தோம். அதன்பின் வந்த கேள்விகளில் பல ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. நிரல் சரியாக இருக்கிறது, விடையும் சரி, ஆனால் நடுவழியில் நினைவகம் தீர்ந்துபோகிறது. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: இதுவரை வந்த தூரம் 'ஜி', இன்னும் எவ்வளவு இருக்கும் என்ற உத்தேசம் 'எச்', இரண்டையும் கூட்டினால் 'எஃப்'. எஃப் எதற்குக் குறைவோ அந்த நிலையை எடுத்து விரிப்பதுதான், அதாவது அங்கிருந்து போகக்கூடிய அடுத்த நிலைகளை உருவாக்குவதுதான், ஏ-ஸ்டார். அந்த உத்தேசக் கணக்கைத்தான் ஹியூரிஸ்டிக் என்கிறோம். உத்தேசம் உண்மைத் தூரத்தை மிஞ்சாதவரை கிடைக்கும் வழி மிகக் குறுகிய வழியாகவே இருக்கும். ஹார்ட், நில்சன், ராஃபேல் மூவரும் 1968-இல் இதை வெளியிட்டார்கள். பார்த்த நிலைகளையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள்வது அதன் பலம். சிக்கலும் அங்கேதான்.

பைத்தானில் 15 கட்டைப் புதிருக்கு (4க்கு 4 பலகையில் எண்ணிட்ட 15 கட்டைகளை, ஒரே காலிக் கட்டத்தின் வழியே நகர்த்தி வரிசைப்படுத்தும் புதிர்) ஏ-ஸ்டார் எழுதினேன். இலேசாகக் கலைத்தால் உடனே விடை வருகிறது. நன்றாகக் கலைத்தால் 8 ஜிகாபைட் மடிக்கணினி உறைந்து, கடைசியில் நிரல் நின்றுவிடுகிறது. ரேம் கூட்டினால் சரியாகுமா?
*கல்லூரி மாணவர், செந்தூல், கோலாலம்பூர்*

கூட்டினால் நிற்பது கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஒரு நிலைக்கு எவ்வளவு செலவாகிறது என்று பாருங்கள். 16 எண்களை டியூப்பிளில் (பைத்தானின் மாற்ற முடியாத பட்டியல்) வைத்தால் 64 பிட் பைத்தானில் 168 பைட். அதை ஜி மதிப்புக்கு ஒரு பைத்தான் அகராதியிலும் (dict), வந்த வழிக்கு இன்னொரு அகராதியிலும், எஃப் குறைந்ததை முதலில் எடுத்துத் தரும் ஹீப்பில் ஒரு டியூப்பிளாகவும் வைக்கிறீர்கள். எல்லாம் சேர்ந்தால் 400 பைட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். இயங்குதளம் எடுத்தது போக 5 ஜிகாபைட் மிஞ்சினால் 12 மில்லியன் நிலைகளுக்கு மேல் இடமில்லை. புதிரில் எட்டக்கூடிய நிலைகளோ 10.46 டிரில்லியன்.

முதல் வேலையாக நிலையைச் சுருக்குங்கள். ஒரு கட்டைக்கு 4 பிட் போதும். 16 கட்டம், 64 பிட், அச்சாக ஓர் எண். பைத்தானில் அது 36 பைட், சி++ல் 8 பைட். இதை மட்டும் செய்தாலே பல ஆட்டங்கள் முடிந்துவிடும். ஆனால் கடினமான ஆட்டத்துக்கு இதுவும் போதாது. அங்கேதான் ஐ.டி.ஏ.-ஸ்டார் (IDA*) தேவைப்படுகிறது. ரிச்சர்ட் கோர்ஃப் 1985-இல் வெளியிட்ட முறை இது. கண்டபடி கலைத்த 15 கட்டைப் புதிர்களுக்கு மிகக் குறுகிய விடை முதன்முதலில் கிடைத்தது இதனால்தான்.

முறை இதுதான். தொடக்க நிலையின் எச் மதிப்பை வரம்பாக வையுங்கள். ஒரே கிளையில் ஆழமாக இறங்கிப் போங்கள். எஃப் வரம்பைத் தாண்டினால் அங்கேயே திரும்புங்கள், தாண்டிய மதிப்புகளில் மிகச் சிறியதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சுற்று முடிந்தும் விடை இல்லையென்றால் குறித்த அந்த மதிப்புதான் அடுத்த வரம்பு. மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். நினைவில் இருப்பது நடக்கும் வழி ஒன்றுதான். 15 கட்டைப் புதிரில் எந்த நிலையையும் 80 நகர்வுக்குள் தீர்க்கலாம் என்பதால் சில கிலோபைட்டே போதும்.

'ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து செய்வது வீண் இல்லையா' என்று தோன்றும். இந்தப் புதிரில் ஒரு நகர்வுக்கு எச் ஒன்று கூடும் அல்லது ஒன்று குறையும், ஜி எப்போதும் ஒன்று கூடும். ஆகவே எஃப் அப்படியே நிற்கும் அல்லது 2 ஏறும். வந்த நகர்வை உடனே திருப்பாமல் இருந்தால் கிளைகள் ஓர் ஆழத்துக்குச் சராசரியாக 2.13 மடங்கு பெருகும், இரண்டு ஆழத்துக்குச் சுமார் 4.5 மடங்கு. கடைசிச் சுற்றே பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. முந்தைய சுற்றுகள் எல்லாம் சேர்ந்தும் அதில் கால் பங்குக்குச் சற்றுத்தான் மேல். அந்தச் செலவைத் தயங்காமல் கொடுக்கலாம்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில. பலகையை ஒவ்வொரு அடியிலும் நகலெடுக்காதீர்கள். ஒரே பலகையில் கட்டையை நகர்த்தி, திரும்பும்போது பழைய இடத்தில் வையுங்கள். இந்தப் புதிரில் எச் ஆக எடுப்பது மன்ஹாட்டன் தூரம்: ஒவ்வொரு கட்டையும் தன் இடத்துக்குப் போகக் குறுக்கிலும் நெடுக்கிலும் எத்தனை கட்டம் என்பதன் கூட்டுத்தொகை. அதையும் ஒவ்வொரு முறை முழுதாகக் கூட்டாதீர்கள். 15 கட்டையும் காலியும் சேர்ந்து 16, இடம் 16, ஆக 256 எண்கள் கொண்ட ஓர் அட்டவணை போட்டு, நகர்ந்த கட்டையின் பழைய மதிப்பைக் கழித்துப் புதியதைக் கூட்டினால் போதும். காலிக் கட்டத்தைத் தூரக் கணக்கில் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் உத்தேசம் உண்மையை மிஞ்சிவிடும். விடை வரும், ஆனால் அது மிகக் குறுகிய விடை என்பதற்கு உறுதி இருக்காது. பார்ப்பதற்குச் சரியாகவே தெரிவதால் இந்தப் பிழை மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

தேடுவதற்கு முன் தீர்வு உண்டா என்றும் பாருங்கள். காலிக் கட்டம் கடைசி மூலையில் வரவேண்டும் என்றால், தலைகீழாக அமைந்த சோடிகளை (சிறிய எண்ணுக்கு முன்னால் பெரிய எண் வரும் சோடிகளை) எண்ணி, காலிக் கட்டம் கீழிருந்து எத்தனையாவது வரிசை என்பதைக் கூட்டுங்கள். ஒற்றைப்படை வந்தால் தீரும், இரட்டைப்படை வந்தால் தீராது. தீராத பலகையைக் கொடுத்துவிட்டு, வரம்பு ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து நிரலைக் குறை சொல்லக்கூடாது.

இனி வேகம். கோர்ஃபும் ஃபெல்னரும் 2002-இல் வெளியிட்ட கணக்கில், கண்டபடி கலைத்த 1000 பலகைகளுக்கு மன்ஹாட்டன் தூரத்தோடு சராசரியாகச் சுமார் 400 மில்லியன் நிலைகள் உருவாகின. உங்கள் பைத்தான் நொடிக்கு 300,000 நிலைகள் பார்த்தால் ஒரு பலகைக்கு 22 நிமிடம். ஒரே வரிசையில் இலக்கு கொண்ட இரு கட்டைகள் அந்த வரிசையிலேயே இடம் மாறி நின்றால், ஒன்று விலகி வழிவிட வேண்டும் என்று 2 கூட்டுவது வரிசை மோதல். அதைச் சேர்த்ததும் 40 மில்லியனாகக் குறைந்தது. கட்டைகளை 7, 8 என்று இரு கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் சரியான நகர்வு எண்ணிக்கையை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்தபோது சுமார் 136,000 ஆகிவிட்டது. இதற்குப் பேட்டர்ன் டேட்டாபேஸ் என்று பெயர். கல்பர்சனும் ஷேஃபரும் 1990-களில் தொடங்கி வைத்த எண்ணம்.

உங்கள் 8 ஜிகாபைட்டை இதில்தான் போடச் சொல்வோம். பார்த்த நிலைகளைச் சேர்த்து வைக்கும் ரேம் ஒரே ஒரு பலகைக்கு உதவும், நல்ல உத்தேசத்துக்குக் கொடுத்த ரேம் இனி வரும் எல்லாப் பலகைகளுக்கும் உதவும். 7-8 பிரிவுக்கு ஒரு பதிவுக்கு ஒரு பைட் வீதம் 576,576,000 பைட் வேண்டும். முதல் முறையே அதில் இறங்காதீர்கள். 5-5-5 என்று பிரித்தால் கூட்டத்துக்கு 524,160 பதிவுகள், மூன்றுக்கும் 1.5 மெகாபைட். அது ஒழுங்காக ஓடியதும் 6-6-3க்குப் போங்கள், 12 மெகாபைட்டுக்குள் அடங்கும்.

கட்டும் விதம்: இலக்கிலிருந்து பின்னோக்கி அகலவாக்கில் தேடுங்கள். கூட்டத்துக் கட்டை நகர்ந்தால் செலவு 1, மற்றவை நகர்ந்தால் 0. செலவு 0 என்றால், அடுத்து விரிக்கக் காத்திருக்கும் நிலைகளின் வரிசையில் முன்னால் சேருங்கள், 1 என்றால் பின்னால். கட்டும்போது காலிக் கட்டத்தின் இடத்தையும் நிலையில் சேர்க்க வேண்டும், ஆனால் சேமிக்கும்போது காலிக் கட்டம் எங்கே இருந்தாலும் மிகச் சிறிய செலவை மட்டும் எழுதுங்கள். எல்லா நகர்வையும் 1 என்று எண்ணிவிட்டு மூன்று அட்டவணைகளையும் கூட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் ஒரே நகர்வு மூன்று முறை கணக்கில் ஏறி, உத்தேசம் மிஞ்சிப்போகும்.

எஸ்.எம்.ஏ.-ஸ்டார் என்ற முறை கொடுத்த நினைவகத்துக்குள் ஓடும் என்று பாடநூலில் படித்தோம். ஐ.டி.ஏ.-ஸ்டாரைவிட அது மேல்தானே?
*பகுதிநேர விரிவுரையாளர், பெட்டாலிங் ஜெயா*

தாளில் மேல். நினைவகம் நிரம்பியதும் எஃப் மிக அதிகமான இலையை (கிளையின் நுனியில் உள்ள நிலையை) எறிந்துவிட்டு, அதன் மதிப்பைத் தாய் நிலையில் எழுதி வைக்கும். மற்ற வழிகள் எல்லாம் அதைவிட மோசமானால் எறிந்ததை மறுபடி உருவாக்கும். பிரச்சினை, எஃப் மதிப்புகள் நெருக்கமாக இருக்கும்போது வருகிறது. இரண்டு கிளைகளுக்கு நடுவே போய்ப்போய் வந்து, எறிந்ததையே திரும்பத் திரும்ப உருவாக்கிக்கொண்டிருக்கும். மாணவர்களுக்குக் கருத்தை விளக்க நல்ல முறை. வேலைக்கு நாங்கள் பரிந்துரைப்பது வேறு: ஐ.டி.ஏ.-ஸ்டாரோடு அளவு மாறாத ஹேஷ் அட்டவணை ஒன்று. நிலையை வைத்தே அது உட்காரும் இடத்தைக் கணக்கிடும் அட்டவணை அது.

ஒரு பதிவில் 64 பிட் நிலை, ஜி மதிப்பு, சுற்று எண். 16 பைட்டில் அடங்கும். 16,777,216 பதிவுகளுக்கு 256 மெகாபைட். இடம் மோதினால் பழைய சுற்றின் பதிவை முதலில் தூக்குங்கள். இதே சுற்றில் இதே நிலைக்கு இதற்குச் சமமான அல்லது குறைந்த ஜியோடு ஏற்கெனவே வந்திருந்தால் மட்டும் கிளையை வெட்டலாம். சுற்று எண்ணைப் பார்க்காமல் வெட்டினால் இரண்டாம் சுற்று தொடங்கிய உடனே முடிந்துவிடும், ஏனென்றால் தொடக்க நிலையே 'முன்பே பார்த்தது' ஆகியிருக்கும். ஜியைப் பார்க்காமல் வெட்டினால் சுற்றி வந்த வழி நேர்வழியை மறைத்துவிடும். இந்த இரண்டு பிழைகளையும் தேர்வில் கேள்வியாகவே கேளுங்கள்.

16க்கு 16 கட்டப் புதிர்ப்பாதையில் ஓடும் சிறு ரோபோ செய்கிறோம். ஆர்டுவினோ ஊனோ பலகை. ஏ-ஸ்டார் போட்டால் கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத் தானாக மறுதொடக்கம் ஆகிறது. சீரியல் திரையில் குப்பை எழுத்துகள் வருகின்றன. பேட்டரி கோளாறா?
*பாலிடெக்னிக் மாணவிகள் மூவர், பிறை*

பேட்டரியையும் ஒருமுறை அளந்து பாருங்கள், மோட்டார் இழுக்கும்போது மின்னழுத்தம் சரிந்தாலும் பலகை மறுதொடக்கம் ஆகும். ஆனால் குப்பை எழுத்து வருகிறது என்றால் எங்கள் சந்தேகம் நினைவகத்தின்மேல்தான். ஊனோவில் ரேம் 2048 பைட். ஒரு கட்டத்துக்கு இரண்டு ஆயங்கள், ஜி, எச், வந்த வழி என்று ஐந்து இன்ட் (2 பைட் முழு எண்) வைத்தால் 10 பைட், 256 கட்டத்துக்கு 2560. தொடக்கத்தில் கொஞ்சக் கட்டங்களே திறந்திருப்பதால் ஓடும், பிறகு ரேமின் இரு முனைகளிலிருந்து வளரும் ஹீப் பகுதியும் (முன்பு சொன்ன ஹீப் வேறு) ஸ்டேக் பகுதியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். தன்னைத்தானே அழைக்கும் செயல்கூறு எழுதியிருந்தால் இன்னும் சீக்கிரம்.

ஏ-ஸ்டாரை விட்டுவிட்டு வெள்ள நிரப்பு முறைக்கு வாருங்கள். இலக்கிலிருந்து வெளியே தூரத்தை எழுதிக்கொண்டே வருவது அது. கட்டத்தின் எண்ணை ஒரே பைட்டில் வையுங்கள், மேல் 4 பிட் கிடைவரிசை, கீழ் 4 பிட் நெடுவரிசை. தூரம் கட்டத்துக்கு ஒரு பைட், 256. சுவர்கள் கட்டத்துக்கு 4 பிட், 128. அடுத்துப் பார்க்க வேண்டிய கட்டங்கள் காத்திருக்கும் வட்ட வரிசைக்கு 256. அதன் தலை, வால் இரண்டையும் 8 பிட் எண்ணாக அறிவித்தால் 255க்குப் பின் தானாக 0க்குத் திரும்பும், வேறு சோதனை தேவையில்லை. ஆக 640 பைட், 1400 பைட்டுக்கு மேல் மிச்சம். நடுவில் உள்ள நான்கு கட்டங்கள் இலக்கு என்பதால் எந்தத் தூரமும் 252ஐத் தாண்ட முடியாது. 'இன்னும் தொடவில்லை' என்பதற்கு 255ஐத் தைரியமாகப் பயன்படுத்தலாம்.

இன்னும் தெரியாத சுவரை இல்லையென்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் எழுதிய தூரம் உண்மையை மிஞ்சாது. புதுச் சுவர் தென்பட்டதும் வெள்ளத்தை மறுபடி நிரப்பி, தூரம் ஒன்று குறைவான பக்கத்துக் கட்டத்துக்குப் போகச் சொல்லுங்கள். சுவரை எழுதும்போது இரு பக்கமும் எழுத வேண்டும். இந்தக் கட்டத்துக்குக் கிழக்கில் சுவர் என்றால் அடுத்த கட்டத்துக்கு மேற்கில் சுவர். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் ரோபோ இரண்டு கட்டங்களுக்கு நடுவே முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே இருக்கும். சீரியலில் அச்சிடும் நீண்ட வாசகங்களும் ரேமில்தான் உட்காரும். அவற்றை ஆர்டுவினோவின் F() மேக்ரோவுக்குள் எழுதினால், நிரல் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்திலேயே தங்கிவிடும்.

தமிழ்ப்பள்ளி 6ஆம் ஆண்டு மாணவர்களுக்குக் கணினி இல்லாமல் இதைக் காட்ட முடியுமா?
*ஆசிரியை, கோலாலம்பூர்*

முடியும். 3க்கு 3 பலகையில் 8 கட்டை எடுத்துக்கொள்ளுங்கள், எட்டக்கூடிய நிலைகள் 181,440தான். தீர்த்த பலகையைப் பத்து நகர்வு கலைத்துக் கொடுங்கள். ஒரு குழு பார்த்த ஒவ்வொரு நிலையையும் ஓர் அட்டையில் வரைந்து மேசையில் வைக்கட்டும். இன்னொரு குழுவிடம் எழுதி அழிக்கும் சிலேட்டு ஒன்றைக் கொடுத்து, நடக்கும் வழியை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள், வரம்பு மீறினால் அழித்துவிட்டுத் திரும்பட்டும். மூன்றாம் குழுவுக்கு அட்டை மூன்றே மூன்று: ஒவ்வொரு படியிலும் நல்ல மூன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போட வேண்டும். சில பலகைகளில் மூன்றாம் குழுதான் முதலில் முடிக்கும், சில பலகைகளில் விடைக்குப் போகும் அட்டையையே கிழித்திருக்கும். கிழித்த அட்டைகளைப் பத்திரப்படுத்தி, எது கிழிந்ததால் வழி தவறியது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

வேன் ஓட்டுநர்களுக்கு வழி காட்டும் சிறு செயலி எழுதுகிறேன். பழைய கைப்பேசியிலும் ஓடவேண்டும் என்பதற்காக ஐ.டி.ஏ.-ஸ்டார் போட்டேன், பக்கத்துத் தெருவுக்குக்கூட விடை வரவில்லை. ஏ-ஸ்டாருக்குத் திரும்பினால் ஜார்ஜ் டவுனிலிருந்து பட்டர்வொர்த்துக்கு மட்டும் ரொம்ப நேரம் எடுக்கிறது.
*மென்பொருள் எழுதுபவர், ஜெலுத்தோங், பினாங்கு*

இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள். ஐ.டி.ஏ.-ஸ்டாருக்குப் பார்த்த இடம் நினைவில் இருக்காது. நகரத் தெருக்களில் ஒரே சந்திப்புக்கு வரப் பல வழிகள் உண்டு. கட்டம் கட்டமான தெருக்களில் கிழக்கே 10, வடக்கே 10 தெரு தள்ளிப் போக மிகக் குறுகிய வழிகளே 184,756 இருக்கின்றன. அந்த முறை அத்தனையையும் நடந்து பார்க்கும். அதோடு சாலை நீளங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. வரம்பு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துளிதான் ஏறும், சுற்றுக்கு ஒரு சந்திப்புதான் புதிதாகக் கிடைக்கும். புதிருக்குப் பொருந்திய மருந்து சாலைக்குப் பொருந்தாது.

உண்மையில் உங்களுக்கு நினைவகத் தட்டுப்பாடே இல்லை. உங்கள் வரைபடத்தில் 200,000 சந்திப்புகள் என்று வைத்துக்கொள்வோம். ஜிக்கு 4 பைட், வந்த வழிக்கு 4, ஹீப்பில் உள்ள இடத்துக்கு 4. மொத்தம் 2.4 மெகாபைட். சந்திப்புக்கு ஒரு ஆப்ஜெக்ட் உருவாக்காமல் மூன்று நீண்ட அரேக்களாக வையுங்கள், எந்தப் பழைய கைப்பேசியும் தாங்கும்.

பட்டர்வொர்த் விஷயத்துக்கு வருவோம். ஜார்ஜ் டவுன் பினாங்குத் தீவில் இருக்கிறது, பட்டர்வொர்த் கடலுக்கு எதிரே பெருநிலத்தில் இருக்கிறது. படகுத்துறையிலிருந்து அக்கரை நேர்கோட்டில் சுமார் 3 கிலோமீட்டர். வேன் பாலம் வழியாகச் சுற்றினால் 20 கிலோமீட்டருக்கு மேல். நேர்கோட்டுத் தூரம் உண்மையை மிஞ்சவில்லை, அதனால் விடை சரியாகத்தான் வரும். ஆனால் படகுத்துறைப் பக்கத்துத் தெருக்கள் அத்தனையும் 'இதோ வந்துவிட்டோம்' என்று சொல்லும். தேடல் கரையோரம் முழுவதையும் துழாவி முடித்த பிறகுதான் பாலத்தை நோக்கித் தெற்கே திரும்பும்.

இதற்கு அடையாளப் புள்ளிகள் வையுங்கள். கோல்ட்பர்க், ஹாரல்சன் இருவரும் 2005-இல் சொன்ன வழி. வரைபடத்தின் ஓரங்களில் எட்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு சந்திப்பிலிருந்தும் அவற்றுக்கு உள்ள உண்மையான சாலைத் தூரத்தை ஒருமுறை கணக்கிட்டு வையுங்கள். ஒருவழிச் சாலைகள் இருப்பதால் போக, வர இரண்டும் வேண்டும். பட்டர்வொர்த்துக்கு வடக்கே கெப்பாலா பத்தாஸில் ஒரு புள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சந்திப்பிலிருந்து அங்கே போகும் தூரத்தில், பட்டர்வொர்த்திலிருந்து அங்கே போகும் தூரத்தைக் கழித்தால் கிடைப்பது உண்மைத் தூரத்தை ஒருபோதும் மிஞ்சாது. பாலத்தைச் சுற்றும் தொலைவு அந்தக் கழித்தலிலேயே வந்துவிடுகிறது. எட்டுப் புள்ளிகளும் தரும் மதிப்புகள், நேர்கோட்டுத் தூரம் எல்லாவற்றிலும் பெரியதை எச் ஆக எடுங்கள். தெலுக் பஹாங், பாலிக் பூலாவ், பத்து காவான் பக்கம் ஒவ்வொன்று வையுங்கள். நகர நடுவில் வைத்த புள்ளி பெரும்பாலும் பயன்படாது, ஏனென்றால் இலக்குக்கு அப்பால் இருக்கும் புள்ளிதான் இறுக்கமான மதிப்பைத் தரும்.

செலவு: 8 புள்ளி, 2 திசை, 4 பைட், 200,000 சந்திப்பு, 12.8 மெகாபைட். 10 மீட்டரை ஓர் அலகாக வைத்து 2 பைட்டில் எழுதினால் பாதியாகும், 655 கிலோமீட்டர் வரை கொள்ளும். அப்படிச் செய்தால் ஒன்றை மறக்கக்கூடாது. இரண்டு எண்களையும் கீழ்நோக்கி முழுதாக்கிக் கழிக்கும்போது விடை ஓர் அலகுவரை மிஞ்சலாம், ஆகவே முடிவில் ஓர் அலகைக் குறைத்துவிடுங்கள். முழுதாக்கியதால் அடுத்தடுத்த சந்திப்புகளின் எச் கொஞ்சம் முன்னுக்குப்பின் முரணாகவும் ஆகலாம். ஏற்கெனவே விரித்து முடித்த சந்திப்புக்குக் குறைந்த ஜியோடு மறுபடி வந்தால் அதைத் திரும்பத் திறக்கும் வரியை நிரலிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

வெள்ளத்தில் ஒரு சாலை மூடினால் இந்த அட்டவணையைத் தொட வேண்டாம், உண்மைத் தூரம் கூடுமே தவிரக் குறையாது, அதனால் பழைய உத்தேசம் அப்படியே செல்லும். புதுச் சாலை திறந்தாலோ ஒருவழி இருவழியானாலோ அன்றே எட்டையும் மறுபடி கணக்கிட்டுக் கைப்பேசிகளுக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் புதுச் சாலை அருகிலேயே இருந்தும் செயலி பழைய வழியிலேயே வேனை அனுப்பிவிடும்.